கரையில் நிற்பவள்

ஏப்ரல் 11, செவ்வாய்

காலை வழிபாட்டில் அனுசுயாவுக்காக மௌனமாக நின்றோம். ஒன்பதாம் வகுப்பு. என் கபடி அணியில் இடது ஓரத்தில் நிற்பவள். சனிக்கிழமை ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கூட வந்த தோழி வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். இவள் யோசிக்காமல் குதித்திருக்கிறாள். தோழி எப்படியோ நாணலைப் பற்றிக் கரையேறிவிட்டாள். அனுசுயா ஏறவில்லை.

தலைமையாசிரியை அவளை வீரமங்கை என்றார். பிள்ளைகள் அழுதார்கள். அடுத்தது ஏழாம் வகுப்புக்கு விளையாட்டு. வெயில் அதிகம் என்று சொல்லி வகுப்பிலேயே கேரம் ஆட விட்டேன். வெயில் அப்படி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். பள்ளிச் சீருடையில் அனுசுயா. 'தன்னுயிர் தந்த வீரமங்கை'. அதன் கீழே கைகூப்பியபடி பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுத்துரை. அவர் படம் அவள் படத்தைவிடப் பெரிது.

படித்துறையில் இன்னொரு பலகை: 'ஆற்றில் குளிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை.' அதன் நிழலில் சோப்பு டப்பாவை வைத்துவிட்டுப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கீழத்தெருவில் குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. வேறு எங்கே போவார்கள்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பேருந்தில் நடத்துநராக இருப்பதால் ஊர்ச் செய்தியெல்லாம் எனக்கு முன்பே இவருக்குத் தெரிந்திருக்கும்.

"தடைன்னு எழுதி வச்சா ஆறு வேற பக்கமா போயிருமா?" என்றார். பிறகு, "ஏன் புஷ்பம், நீதான் காலேஜ்ல நீச்சலுக்கு மெடல் வாங்குனவளாச்சே. நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியதுதானே?"

அடுப்பில் பால் இருந்தது. பார்க்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

மூன்று நாளாக மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேவிட்டேன். கோடை விடுமுறையில் காலையில் ஒரு மணி நேரம், ஆற்றில், பாதுகாப்பாக நீந்தக் கற்றுத்தருகிறேன் என்றேன்.

"தங்கபுஷ்பம், ஒரு பிள்ளை போய் இன்னும் கருமாதி முடியல. ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். பள்ளியின் பெயர் எங்கும் வரக் கூடாது; என் சொந்தப் பொறுப்பில் என்ன செய்தாலும் அவருக்குத் தெரியாதாம்.

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் மைதீன்பாத்துவின் தையல் கடைக்குப் போனேன். பருமனான உடம்பு. தினமும் விடிந்ததும் சுடிதாரோடு ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் கடை திறப்பாள். ஊரில் அதற்கு அவளைக் கேலி பேசாத ஆள் கிடையாது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் கிடையாது. நான் சொன்னதை ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் நீந்துவேன் டீச்சர். சொல்லிக்குடுக்க வராது. பொறுமையும் கிடையாது. நீங்க கரையில நின்னு சொல்லிக்குடுங்க, நான் தண்ணிக்குள்ள நின்னு பிள்ளைகளப் பிடிச்சுக்கிடுதேன்."

நல்ல ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஏப்ரல் 24, திங்கள்

முதல் வகுப்பு. நான்கு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்தி தூங்கி வழிந்தாள்.

தண்ணீரில் காலை வைப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்கச் சொன்னேன். மருத இலையைப் பறித்துப் போட்டோம். இலை நேராகப் போகும் இடம் எது, ஒரே இடத்தில் சுற்றுவது எங்கே என்று பார்த்தார்கள். சுற்றும் இடத்தில் அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். மூங்கில் கழியால் ஆழம் பார்த்தோம். தலைகீழாகப் பாயக் கூடாது. தனியாக இறங்கக் கூடாது. அணையில் தண்ணீர் திறந்து, நீர் கலங்கி ஏறத் தொடங்கினால் அந்த நிமிடமே கரையேற வேண்டும். நைலான் கயிற்றின் நுனியில் மூடி இறுக்கிய காலி பாமாயில் கேனைக் கட்டி, எறிந்து பழகினோம்.

"யாராவது முங்குனா குதிக்கக் கூடாது. என்ன செய்யணும்? கத்தணும். கம்பு நீட்டணும். கயிறு எறியணும். குதிக்க மட்டும் கூடாது."

தூங்கி வழிந்தவள் சட்டென்று விழித்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ அனு அக்கா குதிச்சது தப்பா டீச்சர்?"

கயிற்றை ஒழுங்காகச் சுற்று என்றேன்.

அதன் பிறகு மைதீன்பாத்து அவர்களை இடுப்பளவு நீரில் மல்லாந்து மிதக்க வைத்தாள். எனக்குக் காதில் வலி, இறங்கவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். எந்தக் காது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இடது என்றேன். இவரிடம் நேற்று வலது என்று சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 29, சனி

இன்று பத்துப் பேருக்கு மேல். இரண்டு தாய்மாரும் வந்தார்கள். குதிக்கக் கூடாது என்று நான் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது படித்துறையின் மேல்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். பிள்ளைகளின் குரல் ஒவ்வொன்றாக நின்றது.

முப்பிடாதி. அனுசுயாவின் தாய். பீடி சுற்றுகிறவள். கணவன் எப்போதோ திருப்பூர் போனவன், போனவன்தான்.

"என்ன சொல்லிக்குடுக்கீங்க டீச்சர்?"

கையிலிருந்த கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன்.

"சொல்லுங்க. குதிக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? அப்போ எம்மவ செஞ்சது தப்புங்கீங்களா? புத்தியில்லாம செத்துப்போனாங்கீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"பெறகு எப்படிச் சொன்னீங்க?"

அனுசுயா நல்லவள், தைரியசாலி, அவளை யாரும் மறக்க மாட்டோம் என்று ஏதேதோ சொன்னேன். பிளெக்ஸில் எழுதியிருப்பதையே நானும் சொல்கிறேன் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எம்மவளப் பத்தி நீங்க பாடம் நடத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வகுப்பை அத்துடன் முடித்துவிட்டேன். மதியம் சோறு இறங்கவில்லை. குதிக்கக் கூடாது என்பது சரிதான். அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

மே 3, புதன்

ஒரு சிறுமி நேற்றும் இன்றும் மருதமரத்துக்குப் பின்னால் நின்று வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுசுயாவின் தங்கை இந்துஜா, ஆறாம் வகுப்பு. பிள்ளைகள் மல்லாந்து மிதக்கும்போது இவளும் துவைகல்லில் மல்லாந்து கைகளை விரித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏட்டி, வீட்டுக்குப் போ. ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவா."

எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அதே கல்லில் படுத்திருக்கிறாள்.

மே 6, சனி

"டீச்சர், காது ஆறிட்டுல்லா? எறங்குங்க" என்றாள் மைதீன்பாத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி.

மூன்றாவது படிவரை போனேன். பாசி படிந்த படி. அதற்குக் கீழே என் கால் எனக்குத் தெரியவில்லை. காலேஜில் நான் நீந்திய நீச்சல்குளத்தில் அடியில் நீல ஓடு பதித்திருப்பார்கள். நடுவில் கறுப்புக் கோடு போகும். கோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் மறுமுனை வந்துவிடும். இங்கே பச்சையும் பழுப்பும் கலந்து ஏதோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. கணுக்காலில் மீன் ஒன்று கடித்தது. திரும்பி ஏறிவிட்டேன்.

கயிறோடு ஒருவர் எப்போதும் கரையில் நிற்க வேண்டும். அது விதி. பயிற்சி பெற்ற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இவர் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னைக்காவது எறங்குனியா?"

"யாராவது கரையில நிக்க வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கடைக்குப் போய்விட்டார். வீட்டில் டீ இருந்தது.

மே 10, புதன்

படித்துறைக்கு முள்கம்பி வேலி அடித்துவிட்டார்கள். ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

பொன்னுத்துரையைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். கெட்ட மனிதரல்ல.

"நாளைக்கு இன்னொண்ணு ஆச்சுன்னா ஒங்கள யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர். என்னையத்தான் கேப்பாங்க. போன மாசம் கலெக்டர் ஆபீஸ்ல என்னை நிக்க வச்சுக் கேட்ட கேள்வி எனக்குத்தான் தெரியும்."

"படித்துறையில ஆழம் இல்ல. எங்க நிக்கலாம், எங்க கூடாதுன்னு அடையாளம் வச்சிருக்கோம். இதை அடைச்சா பொம்பளைங்க ஆனைப்பள்ளத்துக்குத்தான் போவாங்க. அங்க கரையே பொக்கு, காலு வச்சா சரியும். அடியில மணலை முழுசாச் சுரண்டியாச்சு."

"அங்கயும் ஒரு போர்டு வச்சிருவோம்."

மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அது மரியாதையில்லை.

மே 13, சனி

வகுப்பு இல்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன். அரிசியைப் புடைத்தேன். அலமாரியை இழுத்துப் போட்டுப் பின்னால் கூட்டினேன். திரும்பவும் அதே இடத்தில் தள்ளினேன். 'நீ உக்காந்தா எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருக்கும்' என்றார் இவர்.

மாலையில் மைதீன்பாத்து வந்து சொன்னாள். பெண்கள் வாழைத்தோட்டம் வழியாக ஆனைப்பள்ளத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்களாம்.

மே 16, செவ்வாய்

எழுத்து கோணலாக வந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் ஆனைப்பள்ளத்துக்குப் போனேன், அங்கே இறங்காதீர்கள் என்று பெண்களிடம் சொல்ல. கயிறு எடுத்துப் போகவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பத்தானே போகிறோம் என்று நினைத்தேன். இரண்டு பெண்கள் கரையோரம் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, முழங்கால் அளவு நீரில் இந்துஜா நின்றுகொண்டிருந்தாள். வெளியே வாட்டி என்று நான் சொல்லி அவள் ஏறி வரவும், வாழைகளுக்கு நடுவிலிருந்து முப்பிடாதியின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

"ஏ இந்துஜா! அங்க என்னட்டி செய்யுத?"

மகளைத் தண்ணீரோரம் பார்த்ததும் ஓடி வந்தாள். நேராகக் கரை விளிம்புக்கே வந்துவிட்டாள். "அங்க நிக்காத!" என்று நான் கத்தினேன். அவள் காலடி மண் அப்படியே பெயர்ந்து விழுந்தது. அவளும் விழுந்தாள்.

சத்தமே இல்லை. சேலை மட்டும் குடைபோல விரிந்து மேலே மிதந்தது.

இந்துஜா என்னைத் தாண்டி ஓடினாள். பின்னலைப் பிடித்தேன். பிறகு இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். "விடுங்க! அம்மா! விடுங்க டீச்சர்!" என்று துள்ளினாள். என் முன்கையில் பல் பதியக் கடித்தாள். விடவில்லை. முப்பிடாதியின் முகம் ஒருமுறை மேலே வந்தது. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தாள். திரும்ப உள்ளே போனாள்.

துவைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியிடம் பிள்ளையைத் தள்ளி, "இவளப் பிடி. என்ன ஆனாலும் விட்டுராத" என்றேன். இன்னொருத்தியிடம், "ஈரச் சேலை ரெண்டையும் முடிச்சுப் போடு. இறுக்கிப் போடு" என்றேன். அவளுடைய பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் நுனியைக் கட்டினேன். விளிம்பு இன்னும் பெயர்ந்துவிடும் என்று வயிறு மண்ணில்பட நீளப் படுத்தேன். என் கால்களை அவள் பிடித்துக்கொண்டாள். எறிந்தேன். எட்டவில்லை. இழுத்துத் திரும்ப எறிந்தேன்.

"அம்மா, மல்லாக்கப் படு! வானத்தப் பாரும்மா!" என்று பின்னால் இந்துஜா அலறிக்கொண்டிருந்தாள்.

அது அவளுக்குக் கேட்டதா தெரியாது. முகம் மேலே வந்தது, இந்த முறை மோவாய் நிமிர்ந்திருந்தது. குடம் அவளைத் தாண்டி விழ, சேலை அவள் தோளின் மேல் கிடந்தது.

"பிடி! ஏற வேண்டாம், சும்மா பிடிச்சிக்கோ!"

பிடித்தாள். பின்வாங்கி எழுந்து, நேராக இழுக்காமல், நீரோட்டம் போகும் பக்கமாகவே நடந்து நடந்து, கரை தாழ்ந்து மணல் இருந்த இடத்தில் இழுத்துப் போட்டோம். கக்கினாள். இருமினாள். பிள்ளை அவள் மேல் விழுந்து அழுதது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒருநாள் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம்.

என் சேலை ஆற்றில் நனையவே இல்லை. மண்தான் அப்பியிருந்தது.

மே 17, புதன்

பால் வாங்கப் போனபோது இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல்: "நீச்சல்ல மெடலு வாங்குனவங்களாம்லா. கரையில படுத்துக்கிட்டு குடத்த எறிஞ்சாங்களாம்." சிரிப்பு.

செய்தது சரி. பிள்ளைகளுக்கு நான் சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். குடம் இல்லாமல், சேலை இல்லாமல், வேறு வழியே இல்லாமல் இருந்திருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன். விதிக்காக அல்ல. அந்தத் தண்ணீரில் இறங்க எனக்குப் பயம். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். காதில் எந்த வலியும் இருந்ததில்லை.

மைதீன்பாத்துவிடம் போய்ச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும். மூணாவது படியில உங்க மூஞ்சியப் பாத்தேன்லா" என்றாள். "பயந்துதான் எறங்கல, சரி. பயந்துகிட்டே அந்தப் பிள்ளையையும் எறங்க விடல. இன்னைக்கு ஆத்தாளும் மவளும் ஒரே வீட்டுல இருக்காங்க. போங்க டீச்சர், போய்ச் சாப்பிடுங்க."

மே 20, சனி

முப்பிடாதி வந்தாள். நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"கைய காட்டுங்க" என்றாள். காட்டினேன். கடித்த இடம் கறுத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள இருந்து பாத்தேன் டீச்சர். மொத தடவ மேல வந்தப்போ பாத்தேன். அவ ஒங்களக் கடிக்கா. நீங்க விடல. விட்டுராதீங்க, விட்டுராதீங்கன்னுதான் நெனச்சேன். என்னைத் தூக்கணும்னு நெனைக்கல. அவள விட்டுரக் கூடாதுன்னுதான்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"எம்மவ செஞ்சது தப்பு இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"தப்பு இல்ல. ஆனா யாராவது அவளப் பிடிச்சிருக்கணும். இப்படி ஒரு கை இருந்திருக்கணும்." கறுத்த இடத்தை மறுபடி தொட்டாள். "அதைச் சொல்லுங்க பிள்ளைகள்ட்ட. குதிக்காதன்னு மட்டும் சொல்லாதீங்க. குதிக்கப் போறவளப் பிடிங்கன்னு சொல்லுங்க."

ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

மே 24, புதன்

பொன்னுத்துரையைப் பார்க்க முப்பிடாதியும் கீழத்தெருப் பெண்களும் போனார்கள். நானும் போனேன். நான் பேச வேண்டியிருக்கவில்லை.

"வேலி போட்டது எம்மவளுக்காகன்னா எடுத்துருங்க. அந்த வேலியாலதான் நான் ஆனைப்பள்ளத்துக்குப் போனேன்" என்றாள் முப்பிடாதி.

அவர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், முழுவதையும் எடுக்க முடியாது, படித்துறைக்கு நேராக மட்டும் வழி விடுகிறேன் என்றார். காலையில் ஆள் இருக்கும் நேரம் மட்டும். கயிறும் மிதவையும் அங்கேயே தொங்க வேண்டும். ஆனைப்பள்ளத்துக்குப் போகும் பாதையை அடைக்க வேண்டும். தடைப் பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை வைக்கலாம், என்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். தனியாக இறங்காதே என்று தொடங்கிச் சொன்னேன். குதிக்கப் போகிறவரைப் பிடி என்பதையும் சேர்த்தேன். "இது போர்டுல எழுதுற மாதிரியா டீச்சர் இருக்கு?" என்றார். எழுதுங்கள் என்றேன்.

இந்த முறை மோரைக் குடித்தேன்.

மே 29, திங்கள்

வகுப்பு மறுபடி தொடங்கியது. படித்துறை நிறையக் கூட்டம். ஒரு இளைஞன் தன் மனைவியை அழைத்துவந்து விட்டுவிட்டு வேலிக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இந்துஜா முந்திக்கொண்டு இறங்கினாள். துவைகல்லில் பழகியது வீண்போகவில்லை. மைதீன்பாத்து கையைக் கொடுப்பதற்குள் மல்லாந்துவிட்டாள். முப்பிடாதி மேல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்தாள். உள்ளே சுடிதார் போட்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். சேலையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தாள்.

"வா மைனி, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள் மைதீன்பாத்து.

"நீ வேண்டாம். டீச்சர்தான் பிடிக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கயிற்றை யார் பிடிப்பது என்று தொடங்கினேன். மைதீன்பாத்து ஏறி வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

முப்பிடாதியின் காதருகே போய்ச் சொன்னேன்: "எனக்கு இந்தத் தண்ணியக் கண்டா பயம்."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்?" என்றாள். "வாங்க."

முதல் படி. இரண்டாவது. மூன்றாவது. அதற்குப் பிறகு கால் தெரியவில்லை. அடியில் மணல் குளிர்ந்து நெகிழ்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மூச்சு ஒருகணம் நின்று திரும்ப வந்தது. இருவரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இறுகப் பிடித்திருந்தோம்.

"சாஞ்சிக்கோங்க. முதுகுக்கு அடியில என் ரெண்டு கையும் இருக்கு. காது தண்ணிக்குள்ள போகும், பயப்படாதீங்க. மேல பாருங்க."

சாய்ந்தாள். கட்டைபோல விறைத்திருந்தாள். மூச்சை இழுத்துவிடச் சொன்னேன். விட்டாள். மெல்ல மெல்ல அவள் கனம் என் கைகளில் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் விரல் நுனிகள் மட்டும் அவள் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் கண்ணீர் வழிந்து ஆற்றில் கலந்தது. மருதமரக் கிளைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

எடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.